டவுன் பஸ் திரும்பும் இடம்

காலனியிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள், மனு ஒன்று எழுதித் தர வேண்டும் என்று. மூன்று பெண்கள், ஒரு கல்லூரி மாணவர். விஷயம் சின்னது. டவுன் பஸ் ஊர் மந்தை வரைக்கும் வந்து திரும்பிப் போய்விடுகிறது. மந்தையிலிருந்து 600 மீட்டர் தள்ளி இருக்கிற காலனிக்கு வருவதில்லை. வர வேண்டும். நமக்குத்தான் மனு எழுதுவது கைவந்த கலை ஆயிற்றே. இரண்டு பக்கம் எழுதினேன். அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவில் ஆரம்பித்து, 1955ஆம் வருடச் சட்டம், பொதுவெளி மறுக்கப்படுதல் என்றெல்லாம் போய், கடைசிப் பத்தியில்தான் பஸ் வந்தது. டிப்போவில் அதை வாங்கிப் படித்த அதிகாரி மரியாதையானவர்தான். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். பிறகு கேட்டார்: "இப்ப கடைசி ஸ்டேஜ் எது சார்? மந்தையா, அதுக்கு முன்னாடி பாலமா? காலனி வரைக்கும்னா எந்த ட்ரிப்பு? எல்லா சிங்கிளுமா? அங்க வண்டி திரும்ப இடம் இருக்கா?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முப்பது வருடமாக அதே பஸ்ஸில் போய் வந்துகொண்டிருப்பவன் நான். என்னோடு வந்த பெண்களுக்குத் தெரிந்திருந்தது. எந்த வண்டியில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், எந்த டிரைவர் மந்தையில் இறக்கிவிட்டதும் வண்டியை அணைப்பார், எவர் அணைக்காமல் அப்படியே திருப்புவார் என்பது வரைக்கும் சொன்னார்கள். அவர்களைப் பேச விடாமல் நான்தான் மனுவை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

கீழே எழுதியிருப்பது அந்த டீக்குப் பிறகு நான் விசாரித்துத் தெரிந்துகொண்டது. இடம், பழைய ராமநாதபுரம் ஜில்லாவாக இருந்து 1985இல் தனி மாவட்டமாகப் பிரிந்த, இப்போது விருதுநகர் மாவட்டம் எனப்படுகிற கரிசல் பகுதி. ஊர்ப் பெயரும் டிப்போ பெயரும் வேண்டாம். போட்டால் இது ஒரு ஊர் வம்பாகச் சுருங்கிவிடும். படிக்கிற நண்பர்கள் தங்கள் பக்கத்து ரூட் ஒன்றை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பெரிய வித்தியாசம் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

'டவுன் பஸ்' என்கிற பெயரே யோசிக்க வேண்டிய ஒன்று. ஓடுவதெல்லாம் கிராமத்துக்கு, பெயர் மட்டும் டவுனுக்கு. டவுன் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு பார்க்கிறவன் வைத்த பெயர் அது. அதே மாதிரிதான் 'மொபசல்' என்பதும். தலைநகரத்தில் உட்கார்ந்து நிர்வாகம் பண்ணியவனுக்கு மற்ற இடமெல்லாம் மொபசல். கிராமத்துக்காரர்கள் இந்த இரண்டு சொல்லையும் பெரிதாகச் சட்டை செய்வதில்லை. அவர்களுக்கு அது 'ஏழே கால் வண்டி', 'பள்ளிக்கூட வண்டி', 'ஹால்ட் வண்டி'. முன்னால் எழுதியிருக்கும் நம்பர் டவுனில் இருக்கிறவன் தேடுவதற்காக. கிராமத்துக்கு வருகிற வண்டி ஒன்றுதான் என்கிறபோது நம்பர் எதற்கு?

இந்த வண்டி எப்படி ஓடுகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். டவுனிலிருந்து கிளம்பி கிராமம் போய்ச் சேர்வது ஒரு சிங்கிள். திரும்பி வருவது இன்னொரு சிங்கிள். எங்கள் ரூட் 14 கிலோமீட்டர். மெயின் ரோட்டில் 9, விலக்கில் திரும்பி உள்ளே 5. ஒரு நாளைக்கு ஆறு தடவை வந்து போக வேண்டும், கணக்குப்படி. வழி முழுவதும் ஸ்டேஜ்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. டிக்கெட் விலை நீங்கள் போகிற தூரத்துக்கு என்று நினைத்தால் தவறு. எத்தனை ஸ்டேஜைக் கடக்கிறீர்கள் என்பதற்குத்தான் விலை. முன்பெல்லாம் ஒவ்வொரு ஸ்டேஜ் வந்ததும் கண்டக்டர் டிக்கெட் கட்டுகளின் நம்பரை வே பில்லில் எழுதி ஸ்டேஜை குளோஸ் பண்ண வேண்டும். பண்ணாமல் இருக்கும்போது செக்கிங் ஏறினால் அவர் பாடு திண்டாட்டம். பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு 'டிக்கெட், டிக்கெட்' என்று அவர் கத்திக்கொண்டிருந்தது இதற்காகத்தான். இப்போது மெஷின் வந்துவிட்டது. ஸ்டேஜ் போகவில்லை. ஸ்டேஜ் என்பது ரோட்டில் தெரியாத ஒரு கோடு. அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் ஒரு கிராமம் காகிதத்தில் இருக்கிறதா இல்லையா என்பது இருக்கிறது.

அடுத்தது டீசல். ஒரு லிட்டரில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்று ஒவ்வொரு டிரைவருக்கும் கணக்கு உண்டு. 'கே.எம்.பி.எல்.' என்பார்கள். டிப்போவில் அதிகமாக அடிபடும் சொல் அதுதான். ஒரு தடவை நிறுத்தி, முதல் கியரில் எடுத்து, மறுபடி வேகம் பிடிக்கிறபோது எவ்வளவு டீசல் போகிறது என்பது டிரைவரின் காலுக்குத் தெரியும். ஆகவே கையை நீட்டும் கிழவியைக் கண்டும் வண்டி நிற்காமல் போனால், அதில் திமிர் மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. இதை டிரைவருக்கு வக்காலத்து வாங்குவதற்காகச் சொல்லவில்லை. கணக்கும் திமிரும் ஒன்றையொன்று எப்படித் தாங்கிப் பிடிக்கின்றன என்பதைப் பிறகு பார்ப்போம்.

அப்புறம் கலெக்‌ஷன். ஒரு கிலோமீட்டர் ஓடினால் எவ்வளவு வசூல் என்று ரூட்வாரியாக எழுதி வைக்கிறார்கள். வசூல் குறைந்த ட்ரிப்தான் முதலில் கட் ஆகும். டிரைவர் லீவ் என்றாலும், வேறு ரூட்டில் வண்டி பிரேக்டவுன் ஆனாலும், முகூர்த்த நாளுக்கு ஸ்பெஷல் விட வேண்டும் என்றாலும் எடுக்கப்படுவது நம்ம ஊர் மத்தியான வண்டிதான். யாரும் உத்தரவு போட்டு நிறுத்துவதில்லை. 'இன்னைக்கு வரல' என்பது பத்து நாள் தொடர்ந்தால் அது நிறுத்தம். வராத வண்டியை நம்பாமல் ஜனங்கள் ஷேர் ஆட்டோவுக்குப் போகிறார்கள், வசூல் இன்னும் குறைகிறது, 'ஆள் ஏறலையே' என்று ஃபைலில் எழுதப்படுகிறது. ஒரு கிராமத்துக்கு பஸ் இல்லாமல் போகும் முறை பெரும்பாலும் இதுதான்.

இப்போது அந்த அதிகாரி கேட்ட கேள்விக்கு வருவோம். மந்தை கடைசி ஸ்டேஜ். அங்கிருந்து காலனி 600 மீட்டர். போக வர 1.2 கிலோமீட்டர். ஆறு தடவைக்கு 7.2 கிலோமீட்டர். இந்த 7.2 கிலோமீட்டருக்கும் புது ஸ்டேஜ் கிடையாது, எனவே ஒரு பைசா கூடுதல் வசூல் கிடையாது. டீசல் உண்டு, நேரம் உண்டு. கணக்கு சுத்தமாக இருக்கிறது. இதில் சாதி எங்கே இருக்கிறது என்று கேட்டால் காட்ட முடியாது. எனக்கு அன்றைக்கு வாயடைத்துப் போனது இதனால்தான்.

ஆனால் இதே கணக்கை இன்னொரு இடத்தில் போட்டுப் பார்க்கலாம். விலக்கிலிருந்து உள்ளே வருகிற வழியில், கோயில் இருக்கிற சின்ன ஊர் ஒன்றுக்காக வண்டி ரோட்டை விட்டு இறங்கி உள்ளே போய் வெளியே வருகிறது. அதுவும் ஏறக்குறைய அதே தூரம்தான். அங்கேயும் தனி ஸ்டேஜ் கிடையாது. ஏறி இறங்குகிறவர்கள் காலனியில் இருப்பவர்களில் பாதிகூட வரமாட்டார்கள். அங்கே மட்டும் டீசல் கணக்கு யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஏன் என்று கேட்டேன். "அது ஆதியிலேருந்தே அப்படித்தான் சார்" என்றார் ஒரு கண்டக்டர். ஆதி என்பது எந்த வருடம் என்று அவருக்குத் தெரியாது. அந்த ஊரிலிருந்து யாரோ ஒருவர் எப்போதோ பஞ்சாயத்து யூனியனில் இருந்திருக்கிறார். அதுதான் ஆதி.

வண்டி ஏற மறுக்கப்பட்ட கதை நமக்குப் புதியதில்லை. 1901இல் அப்பாவைப் பார்க்கப் போன சிறுவன் அம்பேத்கருக்கும் அவரோடு போன பிள்ளைகளுக்கும் மாட்டு வண்டிக்காரன் வண்டி ஓட்ட மறுத்ததும், இரட்டைக் கூலி கொடுத்து பிள்ளைகளே ஓட்டிக்கொண்டு போனதும் எல்லோருக்கும் தெரியும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1929இல் சாலிஸ்காவில் நடந்தது. அப்போது அவர் பாரிஸ்டர். குதிரை வண்டிக்காரர்கள் அவரை ஏற்றி ஓட்டுவது தங்கள் கௌரவத்துக்குக் குறைவு என்றார்கள். வண்டியை வாடகைக்குக் கொடுக்க அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. அவருடைய ஆட்களில் ஒருவர், ஓட்டிப் பழக்கமில்லாதவர், ஓட்டினார். வண்டி விபத்துக்குள்ளாகி அம்பேத்கர் தூக்கியெறியப்பட்டார், கால் முறிந்தது. வண்டி கிடைக்கும், ஓட்டுகிறவன் கிடைக்க மாட்டான். காசு வாங்கிக்கொள்ளப்படும், சேவகம் செய்யப்படாது. மறுப்பு எந்தப் புள்ளியில் செய்யப்படுகிறது என்பது இங்கே துல்லியமாகத் தெரிகிறது.

நம்ம பக்கத்தில் மோட்டார் பஸ் வந்து (1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே டி.வி. சுந்தரம் அய்யங்கார் விட்டதிலிருந்து வைத்துக்கொள்ளலாம்) இருபது வருடம் ஆவதற்குள் பஸ்ஸில் யார் ஏறலாம் என்கிற சண்டையும் வந்துவிட்டது. தனியார் பஸ் முதலாளிகள் ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்தார்கள். 1930ஐ ஒட்டிய வருடங்களில் ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த சுயமரியாதை இயக்கத்துக்காரர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுக்கிற பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது என்று உத்தரவு போட்டார். மனசாட்சியைத் தட்டியெழுப்பிக்கொண்டிருக்காமல் முதலாளியின் லைசென்ஸில் அவர் கை வைத்ததை நாம் கவனிக்க வேண்டும். வண்டி எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர் செய்த காரியம் அது. என்னுடைய இரண்டு பக்க மனுவை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிறகு 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. பொது வண்டியில் ஏறுவதைத் தடுப்பது குற்றம் என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. 1972இல் பஸ்கள் அரசுடைமை ஆயின. டிக்கெட் வாங்கியவன் உட்காரலாம், யார் பக்கத்திலும். கிராமத்தில் ஒரே பெஞ்சில் உட்காராத இரண்டு உடம்புகள் முதன்முதலாக ஒட்டி உட்கார்ந்தது சினிமாக் கொட்டகையிலும் டவுன் பஸ்ஸிலும்தான். கொட்டகையில் இருட்டு. பஸ்ஸில் பட்டப்பகல். இதில் இருந்த விடுதலையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் அப்பா வயதுக்காரர்கள் விலக்கில் இறங்கியதும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பஸ்ஸுக்குள் அது தோளில்தான் கிடந்தது. விலக்கு வரைக்கும் ஒரு தன்னிலை, விலக்குக்கு அப்புறம் வேறு.

பஸ்ஸின் பெயர் விவகாரத்தையும் இங்கே பேசாமல் போக முடியாது. அரசுடைமை ஆனபோது வைத்த பெயர்கள் பாண்டியன், சேரன், சோழன், பல்லவன். திராவிட இயக்கத்தின் பெருங்கதையாடல் தகரத்தில் பெயிண்ட்டால் எழுதப்பட்டு ஊர் ஊராக ஓடியது. மூவேந்தர் தீர்ந்ததும் கட்டபொம்மன், மருதுபாண்டியர், ராணி மங்கம்மாள், தீரன் சின்னமலை, அழகுமுத்துக்கோன் என்று வந்தார்கள். ஒவ்வொரு கழகத்தைப் பிரிக்கும்போதும் எந்தச் சாதியை எந்தப் பகுதியில் திருப்திப்படுத்துவது என்பதே கேள்வியாக இருந்தது என்பதை யாரும் ஒளிக்கவில்லை. சென்னையில் 1994இல் பல்லவனைப் பிரித்து அம்பேத்கர் பெயரில் ஒன்று வந்தபோது அங்கே பஸ் எரியவில்லை. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு கழகம் என்று அறிவித்தார்கள். கட்டபொம்மன் படையின் தளபதிகளில் ஒருவர், தேவேந்திரர் சமூகத்தவர். கட்டபொம்மன் பெயர் போட்ட பஸ்ஸில் அதுவரை ஏறிப் போனவர்கள், அவருக்காகச் செத்தவன் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கல்லெறி, தீவைப்பு, கொலை. கடைசியில் 1997 ஜூலையில் அரசு எல்லாப் பெயரையும் எடுத்துவிட்டது. கழகங்களில் பெரும்பாலானவை 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்' ஆயின. மாவட்டங்களின் பெயரில் இருந்த தலைவர்களும் போனார்கள்.

அந்தச் சமயத்தில் எங்கள் ரூட்டில் ஓடிய வண்டி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பக்கவாட்டில் இருந்த பெயர் மேல் அவசரமாகப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். சாய்ந்த வெயிலில் பார்த்தால் பழைய எழுத்தின் விளிம்பு தெரியும். 'எல்லோர் பெயரையும் எடுத்ததால் சமத்துவம் வந்துவிட்டது' என்று நம்ம நண்பர்கள் சிலரே அப்போது பேசினார்கள். ஒரு பெயர் உள்ளே வரக்கூடாது என்பதற்காக எல்லாப் பெயரும் வெளியே அனுப்பப்பட்டன என்பதுதான் நடந்தது. இதில் இன்னொன்றும் இருக்கிறது. 1930ஐ ஒட்டி 'உன்னை ஏற்ற மாட்டேன்' என்று சொல்லப்பட்டதும், 1997இல் 'உன் பெயர் இருந்தால் நான் ஏற மாட்டேன்' என்று சொல்லப்பட்டதும் ஒரே பழைய ஜில்லாவில். முதலாவதை அரசதிகாரத்தில் இருந்த ஒருவர் லைசென்ஸைக் காட்டி அடக்கினார். இரண்டாவதற்கு அரசே பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தது.

இப்போது இரண்டும் சொல்லப்படுவதில்லை. சொல்லத் தேவையில்லை. ஏறலாம், உட்காரலாம், பெயர் கிடையாது. ஆனால் வண்டி மந்தையில் திரும்பிவிடும். மறுப்பு சீட்டிலிருந்து இறங்கிப்போய் ரோட்டில், வண்டி திரும்புகிற இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது. அதன் மொழி மாறிவிட்டது. ஸ்டேஜ், கலெக்‌ஷன், கே.எம்.பி.எல்., 'திரும்ப இடம் இல்லை'. ஃபூக்கோவை மேற்கோள் காட்டி அதிகாரத்தின் நுண்ணிய செயல்பாடு பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். அது இவ்வளவு சாதாரணமாக ஒரு வே பில்லில் உட்கார்ந்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மந்தை என்பது வெறும் திருப்பம் இல்லை. ஆலமரம், மேடை, டீக்கடை, ஊர்ப் பெரியவர்கள், வேலையில்லாத பையன்கள். காலனிப் பெண்கள் ஏழே கால் வண்டியைப் பிடிக்க வேண்டுமென்றால் ஊர்த் தெரு வழியாக 600 மீட்டர் நடந்து இத்தனை கண்களுக்கும் நடுவில் வந்து நிற்க வேண்டும். அவர்கள் வருவதற்குள் சீட்டு நிரம்பியிருக்கும், வண்டி இங்கிருந்துதானே கிளம்புகிறது. ராத்திரி ஒன்பது மணி வண்டியில் வந்து இறங்கினால் அதே தெரு, இருட்டில். மனு கேட்டு வந்த மாணவரின் தங்கை டவுனில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தாள். ரெண்டாம் வருஷம் நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "பஸ்ஸில எந்தப் பிரச்சனையும் இல்ல சார். மந்தையிலேருந்து வீட்டுக்கு வர்றதுதான்." இதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஹால்ட் வண்டி பற்றியும் சொல்ல வேண்டும். கடைசி வண்டி ராத்திரி கிராமத்திலேயே தங்கி விடியற்காலையில் முதல் வண்டியாகக் கிளம்பும். டிரைவரும் கண்டக்டரும் பள்ளிக்கூடத் திண்ணையிலோ வண்டிக்குள்ளேயோ படுத்துக்கொள்வார்கள். கக்கூஸ் கிடையாது, கொசு, நல்ல தண்ணீர் கிடையாது. இந்தத் தொழிலாளர்கள் படும் பாடு தனிக் கட்டுரைக்கு உரியது. தண்ணீர், கொஞ்சம் குழம்பு, செல்போன் சார்ஜ் போட ஒரு பிளக் பாயிண்ட் எல்லாம் மந்தையைச் சுற்றி இருக்கிற வீடுகளிலிருந்துதான் வர வேண்டும். முதல் நாள் புது டிரைவர் வந்தால் 'அண்ணாச்சிக்கு எந்த ஊரு?' என்பார்கள். அந்தக் கேள்வி ஊரைக் கேட்கவில்லை என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். பதில் சரியாக இல்லாவிட்டால் தண்ணீர் வருகிற பாத்திரம் மாறும். ஓய்வு பெற்ற ஒரு டிரைவர், தலித், என்னிடம் சொன்னார்: "பத்து வருஷம் ஹால்ட் போட்டுருக்கேன். ஒரு ஊர்லயும் வாய் திறந்து தண்ணி கேட்டதில்ல. டவுன்லேருந்தே ரெண்டு பாட்டில் கொண்டு போயிருவேன்." சாப்பாடு எங்கே கிடைக்கிறதோ அந்த இடத்தின் சொல்லுக்குத்தான் வண்டி கட்டுப்படும். காலையில் காலனி ஆட்கள் ஓடி வருவதைப் பார்த்தும் 'எடுங்க அண்ணாச்சி, டைமாச்சு' என்று மேடையிலிருந்து ஒரு குரல் வந்தால் வண்டி கிளம்பிவிடும். முன்னால் சொன்ன கணக்கும் திமிரும் தாங்கிப் பிடித்துக்கொள்வது இப்படி. அந்தக் குரலுக்கு உரியவர் டைம் கீப்பர் இல்லை, டிப்போ மேனேஜரும் இல்லை.

நேரத்தைப் பற்றி ஒரு பத்தி. தொழிற்சாலை மணி எப்படி உழைக்கிறவர்களின் நாளை மாற்றியமைத்தது என்று இ.பி. தாம்சன் 1967இல் எழுதிய கட்டுரையை நம்மில் பலர் படித்திருப்போம். எங்கள் பகுதியில் மணிக்கு முன்னால் வண்டி வந்தது. தீப்பெட்டி ஆபீஸ் வண்டி. 1990இல் வந்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இருட்டு பிரியாத நேரத்தில் கம்பெனி பஸ் கிராமம் கிராமமாகப் போய்த் தூக்கம் கலையாத பிள்ளைகளை அள்ளிக்கொண்டு சிவகாசிக்குப் போனது. இங்கே சொல்ல வருவது ஒன்றுதான். அந்த வண்டி காலனி வரைக்கும் வந்தது. வீட்டு வாசல் வரைக்கும் வந்தது. மூன்று பெண்களில் மூத்தவர், இப்போது ஐம்பதைத் தாண்டியவர், சின்ன வயதில் அதில் போனவர். "அந்த வண்டி எங்க வேப்ப மரத்தடியிலதான் தம்பி திரும்பும். ஒரு நா கூட ரோடு சரியில்ல, இடம் பத்தலன்னு அவன் சொன்னதில்ல" என்றார். பிள்ளைகளை வேலைக்குக் கொண்டுபோக வந்த வண்டிக்குத் திரும்ப இடம் இருந்திருக்கிறது. படிக்கக் கொண்டுபோக வேண்டிய வண்டிக்கு இல்லை.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று உத்தரவு வந்தது. அடுத்து திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சேர்த்தார்கள். இதை 'ஓட்டு அரசியல்' என்று ஒதுக்கிவிடுகிற இடதுசாரி நண்பர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. களை எடுக்கப் போகிற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு மிச்சமாகும் இருபது ரூபாய் புருஷனிடம் கையேந்தாமல் கிடைத்த இருபது ரூபாய். காரணம் சொல்லாமல் டவுனுக்குப் போய்வர முடிகிறது. ஆஸ்பத்திரிக்கு, ரேஷன் கார்டு விஷயமாக, சும்மா அக்காவைப் பார்க்க. 'சும்மா' என்பதுதான் இதில் பெரிய விஷயம். ஆனால் டிக்கெட்டுக்கும் மரியாதைக்கும் இருந்த பழைய உறவு இங்கே குழம்பிப் போனது. 'நான் டிக்கெட் வாங்கியிருக்கேன்' என்று சொல்லித்தான் பஸ்ஸில் ஒருவர் தன் உரிமையைப் பேச முடிந்தது. பூஜ்யம் போட்ட டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது? 'ஓசி' என்ற சொல் கண்டக்டர் வாயிலிருந்து வந்தது, 2022இல் ஒரு அமைச்சர் வாயிலிருந்தே வந்து பெரிய சர்ச்சை ஆனது. பெண்கள் மட்டும் நிற்கிற ஸ்டாப்பில் நிற்காமல் போகிற வண்டிகளைப் பற்றிப் புகார்கள் பல மாவட்டங்களில் எழுந்தன. அரசு கழகங்களுக்குப் பணம் ஈடுகட்டுகிறது என்பதும், அந்தப் பூஜ்யம் டிக்கெட்டை எண்ணித்தான் ஆள் கணக்குப் போடுகிறார்கள் என்பதும் வண்டிக்குள் யாருக்கும் சொல்லப்படவில்லை. எண்ணப்படுவதற்காகவாவது அந்த டிக்கெட்டைக் கேட்டு வாங்க வேண்டும் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். ஏனென்றால் நாளைக்கு 'ஆள் ஏறலையே' என்று ஃபைலில் எழுதுவதைத் தடுக்கக்கூடிய ஒரே காகிதம் அது.

தனியார் பஸ் மட்டும் ஓடுகிற ஊர்களுக்கு அந்த உத்தரவால் பயன் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1997இல் ஆரம்பித்த மினி பஸ் திட்டம், 2025 ஜூனில் புது விதிகளோடு மறுபடி தொடங்கப்பட்டது. பஸ் போகாத ஊருக்கு வண்டி என்று ஆரம்பித்து, வசூல் வருகிற ரோட்டுக்கே அந்த வண்டிகள் நகர்ந்துவிடுவதை முதல் சுற்றில் பார்த்தோம். காலனிக்கு மினி பஸ் விடலாமே என்று டிப்போவில் சொன்னார்கள். ஊருக்கு அரசு பஸ், காலனிக்குத் தனியாக ஒரு வண்டி. இரட்டைக் குவளைக்குச் சக்கரம் மாட்டினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

இரண்டாவது மனுவை நான் எழுதவில்லை. பெண்கள் சொல்ல, அந்த மாணவர் எழுதினார். ஒரு பக்கம். 17ஆம் பிரிவு இல்லை. பத்து நாள் தொடர்ந்து ஒவ்வொரு ட்ரிப்பிலும் காலனி ஆட்கள் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று எண்ணி எழுதியிருந்தார்கள். காலை முதல் வண்டியும் ராத்திரி கடைசி வண்டியும் மட்டும் காலனி வரை வந்தால் போதும், மற்ற நாலும் பிறகு பார்க்கலாம் என்று கேட்டிருந்தார்கள். இரண்டு தடவைக்கு 2.4 கிலோமீட்டர். கோயில் ஊருக்காக வண்டி ரோட்டை விட்டு இறங்குவதையும் மறக்காமல் குறிப்பிட்டிருந்தார்கள். அதிகாரி இந்தத் தடவை டீ வரவழைக்கவில்லை. பென்சிலை எடுத்து ஓரத்தில் கூட்டிப் பார்த்தார்.

ஒரு வாரத்தில் ஊர்த் தரப்பிலிருந்து எதிர் மனு போனது. ரோடு அகலம் பத்தாது, திரும்ப இடமில்லை, ஹால்ட் வண்டி மந்தையில் நின்றால்தான் பாதுகாப்பு. சாதியைப் பற்றி ஒரு சொல் கிடையாது. டிப்போவிலிருந்து 'இடத்தை அளந்து தகவல் தரவும்' என்று காகிதம் வந்தது. யார் அளப்பது என்று அதில் இல்லை. நாங்களே போனோம். தண்ணீர் இறைக்கிற கயிறு ஒன்று. வேப்ப மரத்திலிருந்து சமுதாயக் கூடச் சுவர் வரைக்கும் அளந்து முடிச்சுப் போட்டோம். டவுன் பஸ்ஸின் நீளம் ஏறக்குறைய 11 மீட்டர். அப்படியே வளைத்துத் திருப்புவதற்கு இடம் பத்தாது, அது உண்மைதான். எல்லோருக்கும் முகம் விழுந்துவிட்டது. அந்த ஓய்வு பெற்ற டிரைவரைக் கூட்டிப் போயிருந்தேன். அவர் கயிற்றைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் சுடுகாட்டுக்குப் பிரிகிற பாதையின் வாயில் போய் நின்று, மண்ணைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"மூக்கை இதுக்குள்ள விட்டு ஒரு ரிவர்ஸ் அடிச்சா திரும்பிரும். கெட்டி மண்ணுதான், மழைக்கு மட்டும் ரெண்டு லோடு சரளை கொட்டணும்" என்றார்.

மாணவர் அதை எழுதிக்கொண்டார்.